பூச்சி தொடாத புடலங்காய்

அந்தக் கல்யாணப் பந்தியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்ணைப் பெற்ற சூப்பிரண்டு வைத்தா அய்யர். அவருடைய ஆபீஸின் பெரிய அதிகாரி, சாஹேப் என்று அழைக்கப்பட்ட ஒரு மராட்டியர். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வரிசை முழுக்க. பின்கட்டுக் கதவின் இடுக்கில் ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி நான். வராதவர்கள் மூவர். முதலாமவர் என் அப்பா. தாராவி தோல் கிடங்கில் அவருக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. இரண்டாமவர், பட்டாணிச் செடிகளை வளர்த்து, தாய் தகப்பன் குணம் பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்று கண்டுபிடித்த வெளிநாட்டுப் பாதிரியார். அவர் காலமாகி வெகுகாலம் ஆகியிருந்தது, புண்ணியவான். மூன்றாவது, பழ ஈ. காய்கறிக் கூடையில் ஒரு பழ ஈகூட இல்லை. அதுதான் என் சாதனை.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்படியே காலேஜில் இண்டர் சயன்ஸ் வரை மிதித்துக்கொண்டு போய்விட்டேன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா (ஒன்றில் மை கிடையாது, அது பார்வைக்கு). அம்மா குழம்பில் உப்புப் போட்டால், "அது சோடியம் குளோரைடு" என்பேன்.

"சரில, அதப் போட்ட கொழம்பத் தின்னுட்டு எந்திரி" என்பாள்.

படிப்பு முடிந்தது. வேலை வரவில்லை. அப்பா சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷத் தீபாவளிக்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் என்னோடு சுண்ணாம்புத் தொட்டிக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டார். சுண்ணாம்புத் தொட்டி என்பது ஆட்டுத் தோலை ஊறப்போட்டு மயிர் உதிர்க்கும் இடம். அங்கே ஒரு வாரம் நின்றவனைப் பக்கத்தில் உட்காரவைக்க ரயிலில்கூட ஆள் கிடையாது. பேனா வைத்த சட்டையைக் கழற்றிவிட்டு அதில் இறங்குவதா? நானா?

என்னை முழுசாக நம்பியவர் சித்தப்பா ஒருவர்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் நான் என்ன சொன்னாலும் பயபக்தியோடு கேட்பார். சயானைத் தாண்டிச் செம்பூர் போகும் வழியில், சதுப்பை ஒட்டிய மேட்டில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் புடலங்காய் போட்டிருந்தார். விளைவது எல்லாம் மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போகும். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் வராது. விற்கிற காயை வீட்டில் சமைத்தால் வியாபாரம் விளங்காது என்பது அவர் கொள்கை.

அந்தக் காய்க்கு எமன், பழ ஈ. பிஞ்சிலேயே துளைத்து முட்டையிடும். வெளியே ஊசி முனையளவு ஓட்டைதான்; உள்ளே புழுக்களின் சம்சாரம். சித்தப்பா சாம்பல் தூவுவார். புகையிலைக் கஷாயம் தெளிப்பார். ஈ ஒரு தும்மல் போட்டுவிட்டு முட்டையிடும்.

"சாம்பல் தூவுறதெல்லாம் காட்டுமிராண்டித்தனம், சித்தப்பா. பூச்சிய அடிக்கக் கூடாது. பூச்சி தொடாத செடிய உண்டாக்கணும்" என்றேன்.

"உண்டாக்குல. நிலம் கெடக்கு" என்றார்.

வேலியில் பேய்ப்புடல் தானாகப் படர்ந்து கிடந்தது. கோழிமுட்டை அளவுக் காய், ஒன்றில்கூட ஓட்டை இல்லை. பேய்ப்புடல் கசக்கும் என்பது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பெயரிலேயே பேய் இருக்கிறதே. ஆனால் கசப்பு ஒரு குணம், பூச்சியை விரட்டுவது வேறொரு குணம், முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்டிவிட்டேன். கடைக்காரனிடம் போய், நாற்றத்தை நீயே வைத்துக்கொள், கருவாட்டை மட்டும் கொடு என்று கேட்கிற புத்தி.

புடலம்பூ மாலை மங்கிய பிறகுதான் விரியும். நல்ல புடலின் பெண் மொட்டுகளுக்கு முன்கூட்டியே துணிப்பை கட்டி வைப்பேன். விரிந்ததும் பேய்ப்புடலின் ஆண் பூவைக் கொண்டுவந்து மகரந்தம் தடவி, மறுபடி பையைக் கட்டுவேன். சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் தங்கை பந்தலை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏண்ணே, பூவுக்கு எதுக்குக் கோவணம்?"

"இது விஞ்ஞானம். ஒனக்குப் புரியாது."

அந்த விதைகளை அடுத்த பருவத்தில் தனிப் பந்தலில் ஊன்றினோம். கொடி காட்டுத்தனமாக ஏறியது. காய் பச்சையும் வெள்ளையுமாக வரியோடி, பார்க்க லட்சணமாக இருந்தது. நீளம்தான் வரவில்லை. புடலங்காய் சுருளாமல் நீள நுனியில் சின்னக் கல் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். சித்தப்பா அம்மிக் குழவி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கட்டிப் பார்த்தார். முழங்கை அளவைத் தாண்டவில்லை. ஆனால் ஓட்டை? ஒன்று கிடையாது!

நான் காயை அளந்தேன். எடை போட்டேன். லென்ஸ் வைத்துத் தோலை ஆராய்ந்தேன். பிளந்து விதைகளை எண்ணினேன். இவ்வளவும் செய்த மகாமேதை ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்கவில்லை. நாக்கும் ஒரு கருவி என்று காலேஜில் யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வைத்தா அய்யர் வந்து சேர்ந்தார். யுத்தகாலம், உணவைப் பெருக்கச் சொல்லி ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்ட சர்க்கார் ஓர் ஆபீஸ் திறந்திருந்தது. அதில் அவர் சூப்பிரண்டு. ஆயுளில் அவர் வளர்த்த பயிர் மாதுங்கா பால்கனியில் ஒரு துளசி. நோட்டீஸ் கொடுக்க நிலத்துக்கு வந்தவர், எங்கள் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் வாயில் போடவில்லை.

"ஒரு ஓட்டைகூட இல்லையேடா! இதோ பாரு, எங்க ஆபீஸ்ல பூச்சி அசிஸ்டெண்ட்னு ஒரு போஸ்ட் வரப்போறது. சாஹேப் கையெழுத்துப் போட்டா ஆச்சு. அடுத்த வாரம் என் பொண்ணுக்குக் கல்யாணம். சாஹேப் சாப்பிட வரார். கூட்டு பூரா உன் காய்தான். தாம்பூலம் போடறச்சே உன்னைக் கூப்பிட்டு நிறுத்தி விஷயத்தை உடைக்கறேன். காயைச் சும்மாத்தான் தரணும், கேட்டியா?"

சித்தப்பாவுக்குப் புல்லரித்தது. என் பந்தலின் காய் மொத்தத்தையும் அறுத்துக் கூடைகளில் அடுக்கினார். ரேஷன் காலத்துக் கல்யாணம். இலையில் சோறு கொஞ்சம், அதை மறைக்கக் கூட்டு தாராளம். அத்தனை கூட்டும் என் கூட்டு.

கல்யாண வீட்டில் எங்களுக்குப் பின்வாசல். தலைமைச் சமையல்காரர் அப்பு அய்யர் ஒரு காயை எடுத்து ஏளனமாகப் பார்த்தார்.

"என்னடா, குட்டையா இருக்கு?"

"புது ஜாதி, சாமி" என்றேன்.

"அதான் பின்வாசல் வழியா வந்திருக்கு" என்றார்.

அவராவது ருசி பார்த்திருக்கலாம். ஆனால் அந்தச் சமையலில், சுவாமிக்குப் படைக்கும் முன் யார் நாக்கிலும் எதுவும் படக்கூடாது. உப்பு கைக்கணக்கு, புளி மூக்குக்கணக்கு. கூட்டைச் சுவாமிக்குப் படைத்தார்கள். சுவாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆக, சித்தப்பா வியாபாரத்துக்காகத் தின்னவில்லை, நான் விஞ்ஞானத்துக்காகத் தின்னவில்லை, அப்பு அய்யர் ஆசாரத்துக்காகத் தின்னவில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா தின்றார்.

கதவுக்குப் பக்கத்தில் நாகஸ்வரம் பிளந்து கட்டிக்கொண்டிருந்ததால் அங்கே பேசியது எதுவும் அப்போது என் காதில் விழவில்லை. பரிமாறிய ஆள் பிற்பாடு சொன்னது இது.

பெரியப்பாவின் முகம் எட்டுக் கோணலானது. "வைத்தா, இது கூட்டா, கஷாயமா?"

வைத்தா அய்யர் ஒரு விரல் எடுத்து நக்கினார். கண் செருகியது. அதற்குள் பக்கத்து இலையில் சாஹேப் ஒரு பெரிய கவளத்தை உள்ளே தள்ளியிருந்தார். மரியாதை தெரிந்த மனுஷர், துப்பவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு இந்தியில் கேட்டார்: "இது உங்கள் சாஸ்திரமோ? நாங்களும் வருஷப் பிறப்பன்று வேப்பிலை தின்போம்."

வைத்தா அய்யர் அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "ஆமாம் சாஹேப், சாஸ்திரம்! சம்சாரத்துல வர்ற கசப்பையும் சேர்ந்தே முழுங்கணும்னு தாத்பர்யம். மிச்சம் வைக்கப்படாது!"

அந்தக் கடைசி வார்த்தை அவராகத் தேடிக்கொண்டது. சாஹேப் மிச்சம் வைக்காமல் தின்றார். அதனால் வைத்தா அய்யரும் தின்றார். பெண் வீட்டுச் சாஸ்திரத்தை அவமதித்ததாகப் பேச்சு வரக்கூடாதே என்று மாப்பிள்ளை வீட்டு வரிசை மொத்தமும் தின்றது.

கதவிடுக்கிலிருந்து நான் கண்டது என்ன? கண்ணில் நீர் வழிய, வரிசையாக, இலையை வழித்து என் கூட்டைச் சாப்பிடுகிறார்கள்! மனம் உருகி அழுகிறார்கள் என்று நினைத்தேன். (இண்டர் சயன்ஸ்.) தாம்பூலம் வரை காத்திருக்க முடியவில்லை. ஒரு காயைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் பாய்ந்தேன். அந்த நேரம் பார்த்து நாகஸ்வரம் நின்றது.

"சார்! இது நான் உண்டாக்கிய காய், சார்! பூச்சி தொடாது, சார்!" ஒரு வாரமாக மனப்பாடம் செய்த இங்கிலீஷ். கணீரென்று வந்தது.

வைத்தா அய்யர் புருவம், கண், காது எல்லாவற்றாலும் சைகை காட்டினார். நான் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டேன்.

சாஹேப் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "பூச்சி தொடாதா?"

"ஒரு பூச்சிகூட, சார்!"

"நீ தின்று பார்த்தாயா?"

"இல்லை, சார்."

"பூச்சி பார்த்திருக்கிறது" என்றார் சாஹேப்.

பெரியப்பா இலையை விட்டுப் பாதி எழுந்தார். "அப்ப சாஸ்திரம் கீஸ்திரம்னியே வைத்தா, அது?"

"சாஸ்திரமேதான்! இவன் யாருன்னே எனக்குத் தெரியாது!"

மேற்கொண்டு விவாதிக்க சாஹேபின் வயிறு இடம் கொடுக்கவில்லை. எழுந்து கை கழுவும் இடத்துக்கு ஓடினார். சாஸ்திரப்படி உள்ளே போனது இயற்கைப்படி வெளியே வந்தது. பின்னாலேயே வைத்தா அய்யர், பெரியப்பா, மாப்பிள்ளைத் தோழன். ரேஷன் கடையில்கூட அத்தனை ஒழுங்கான க்யூவை நான் பார்த்ததில்லை. டாக்டர் வந்தார். பிழைத்தவர்களுக்காக வேறு கூட்டு வைத்தார்கள்.

"காயி நல்ல காயிதாம்ல. திங்கிறவனுவ சரியில்ல" என்றார் சித்தப்பா, வெறும் கூடைகளோடு நடக்கும்போது.

திங்கட்கிழமை நான் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினேன். இரண்டு பேனாவையும் அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். பக்கத்துத் தொட்டியிலிருந்து அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுக்காவது பூச்சி வருமால?" பதினோரு வருஷம் அங்கே இருந்தேன். வரவில்லை.

நிலத்தில் கதை முடியவில்லை. பழ ஈ தொடாத கொடியைச் செவ்வண்டு தேடி வந்தது. கசப்பு என்றால் அதற்கு உயிராம். இலையைச் சல்லடையாக்கிவிட்டுத்தான் போனது. நான் கோவணம் கட்டியது என் பெண் பூக்களுக்கு மட்டும். கலப்புக் கொடியின் ஆண் பூக்களுக்கு யார் கட்டினார்கள்? அந்துப்பூச்சிகள் அவற்றின் மகரந்தத்தைச் சித்தப்பாவின் மிச்சப் பந்தல் முழுக்கத் தடவி வைத்தன. அடுத்த பருவத்தில் நல்ல விதை என்று ஊன்றியதிலும் பாதிக்குப் பாதி கசந்தது. மாதுங்கா மார்க்கெட்டில் மாமிகள் சித்தப்பாவைக் கண்டால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். பந்தலில் இருந்த எல்லாக் கொடியையும் பிடுங்கி எரித்துவிட்டு, புது விதைக்கு அவர் சொந்த ஊர் நாங்குநேரிக்கு ரயில் ஏறினார்.

வைத்தா அய்யரின் சாஸ்திரம் மட்டும் செழித்தது. அவருடைய இரண்டாவது பெண் கல்யாணத்தில், "உங்காத்துக் கசப்பு எங்கே?" என்று சம்பந்திகள் கேட்டுவிட்டார்களாம். அவருடைய பியூன் மூச்சிரைக்க எங்கள் நிலத்துக்கு ஓடிவந்தான். சித்தப்பா வேலியிலிருந்து ஒரு பேய்ப்புடலைப் பறித்துக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் இலை ஓரத்தில் ஒரு கீற்று வைக்கிறார்கள் என்று கேள்வி. எங்கள் வீட்டில், நான் எதற்காவது யோசனை சொல்ல வாயைத் திறந்தால் போதும், தங்கையின் பேரப்பிள்ளைகள்வரை ஒரே குரலில், "தின்னு பாத்தாச்சா?" என்கிறார்கள்.

மறுபந்திச் செலவு, டாக்டர் பீஸ், விளையாத நிலத்துக்குக் கொடுத்த குத்தகை, நாங்குநேரிக்கு ரயில் சார்ஜ், விதை எல்லாம் சேர்த்து, என் விஞ்ஞானத்துக்கு ஆன செலவு இருநூற்றுப் பதினெட்டு ரூபாய் நாலணா. பியூனிடம் பேய்ப்புடலுக்கு வாங்கிய இரண்டணாவைக் கழித்தால், இருநூற்றுப் பதினெட்டு ரூபாய் இரண்டணா.