முன்னாள் மனைவியைத் திட்ட மறுத்த விவகாரம்

ஸ்டோன் ப்ரேரி, விஸ்கான்சின்
செப்டம்பர் கடைசி வாரம்

மரியாதைக்குரிய மச்சான் ஆர்விட் ஹால்வர்சனுக்கு ஹார்லன் டெஷ் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வலது முழங்காலும் ஓரளவு சுகம். இடது முழங்கால் தன் இஷ்டப்படி நடந்துகொள்கிறது. அரிசோனா வெயிலில் நீயும் தங்கை மர்னாவும் வதங்காமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேண்டிக்கொள்கிறேன். உன்னை இன்னும் மச்சான் என்று கூப்பிடுவதில் உனக்கு ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறேன். உன் அக்கா கொரினிடமிருந்துதான் எனக்கு விவாகரத்து. தீர்ப்பை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டேன், உன்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்காவைச் சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நீதிபதியாக உங்கள் கட்சி ஜனாதிபதி முன்மொழிந்திருப்பதை டிவியில் பார்த்திருப்பாய். நான் முடிவெட்டும் கடையில் பார்த்தேன். பாதித் தலை வெட்டியிருந்த நிலையில் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரன் "ஹார்லன், அது உன் பழைய பொண்டாட்டி இல்ல?" என்று கேட்டான். கடை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் இந்த மாவட்டத்தில் எங்கள் கட்சியின் தலைவன் என்பது உனக்குத் தெரியும். பால் கறக்கும் மெஷின் விற்ற காலத்திலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் வீடு வீடாகப் படியேறியவன். நவம்பரில் ஜனாதிபதி தேர்தல் வருகிறது, எங்கள் ஆள் ஜெயிப்பான், அதுவரை செனட்டில் ஓட்டெடுப்பில் அவளைத் தோற்கடித்து அந்த நாற்காலியைக் காலியாகவே போட்டு வைக்க வேண்டும் என்று எங்கள் மேலிடம் முடிவு கட்டியிருக்கிறது. போன ஜனாதிபதி காலத்தில் உங்கள் ஆட்களும் இதையேதான் செய்தார்கள், அதனால் நீ புருவத்தைத் தூக்க வேண்டாம்.

அந்த வாரமே வாஷிங்டனிலிருந்து பிரெஸ்டன் என்று ஒரு தம்பி வந்து சேர்ந்தான். மேலிடத்து ஆள். கூர்மையான ஷூ, மெல்லிய கோட்டு, எங்கள் ஊர்க் காற்றுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என் சமையலறையில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயா, நீங்க அந்த அம்மாகூட இருபது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தியிருக்கீங்க. வெளிய தெரியாத விஷயம் ஏதாவது..." என்று இழுத்தான். "கொரினைப் பத்திக் குறை சொல்லணுமா? கோட்டைக் கழட்டி வச்சிட்டு உக்காரு தம்பி, காபி போடறேன்" என்றேன். மச்சான், கல்யாணம் முறிந்த நாளிலிருந்து யாராவது இப்படி வந்து கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். ஜனவரிக் குளிரில் ஹீட்டரைக் குறைத்து வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்பாள், சொன்னேன். என் அம்மா செய்த உருளைக்கிழங்கு சாலட்டை அம்மா முகத்துக்கு நேராகவே "உப்பு அதிகம்" என்றாள், சொன்னேன். வாக்குவாதத்தில் நான் ஜெயிக்கப்போகும் நேரம் பார்த்து "நீ கேள்விக்குப் பதில் சொல்லலை" என்பாள், அதையும் சொன்னேன். பிரெஸ்டன் ஆவலாகக் கேட்டுக்கொண்டே வந்தான், ஆனால் அவன் எதிர்பார்த்தது வரவில்லை என்று முகம் காட்டியது. "ஐயா, இதெல்லாம் வீட்டுச் சண்டை. கோர்ட்டுல பாரபட்சமா நடந்துக்கிட்டதா ஏதாவது?" என்றான்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். மாவட்டப் போலீஸுக்கு யார் தலைவர் என்று நடந்த ஷெரிஃப் தேர்தல், அந்த வழக்கு உனக்கு நினைவிருக்கிறதா? முதியோர் இல்லத்துத் தபால் ஓட்டுகளில், உறைமேல் கையெழுத்து இடம் மாறிப் போயிருக்கிறது, அவற்றை எண்ணக் கூடாது என்று உங்கள் கட்சி வழக்குப் போட்டது. எண்ணினால் எங்கள் ஆள் ஷெரிஃப், எண்ணாவிட்டால் உங்கள் ஆள். வழக்கு அப்போது மாவட்ட நீதிபதியாக இருந்த உன் அக்காவிடம் வந்தது. விவாகரத்து ஆகி மை காயாத நேரம். நீதிமன்றத்தில் உட்கார்ந்ததுமே அவள், "எதிர் மேஜையில உக்காந்திருக்கிற திரு. டெஷ் என் முன்னாள் கணவர். நான் விசாரிக்கிறதுல யாருக்காவது ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லுங்க, வேற நீதிபதிக்கு அனுப்பிடறேன்" என்றாள். உங்கள் கட்சி வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "துளிகூட இல்லீங்க அம்மா" என்றான். எங்கள் வக்கீலும் பயத்தில் தலையை ஆட்டிவைத்தான். கடைசியில் என்ன தீர்ப்பு சொன்னாள் தெரியுமா? கிழவர்கள் கை நடுங்கித் தப்பான கோட்டில் கையெழுத்துப் போட்டால் அதற்காக அவர்கள் ஓட்டு செத்துப்போகாது, எண்ணுங்கள் என்றாள். எங்கள் ஆள் ஜெயித்தான். உங்கள் கட்சிக்காரர்கள் அவளை ஒரு வருடம் எந்த விருந்துக்கும் கூப்பிடவில்லை. தாழ்வாரத்தில் என்னைக் கடந்து போகும்போது, நன்றி சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், "உன் ஆளு உருப்படாதவன் ஹார்லன். ஆனா ஓட்டு செல்லும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதைச் சொல்லி முடித்தபோது பிரெஸ்டன் காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். "இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஐயா" என்றான். பிறகு அவனே ஒரு அறிக்கை எழுதிக்கொண்டு வந்தான். கொரின் ஹால்வர்சன் நிதானம் இல்லாதவர், பழிவாங்கும் குணம் கொண்டவர், கணவனாக இருந்து நான் அனுபவித்தேன் என்றெல்லாம் அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் கட்சி நடத்தும் மீன் வறுவல் விருந்தில், டிவி கேமரா முன்னால், நான் அதைப் படிக்க வேண்டுமாம். முடியாது என்றேன். உடனே துணைத் தலைவி மார்லீஸ் க்ரூகர் வந்து நின்றாள். என் நாற்காலி மேல் அவளுக்கு எத்தனை நாளாய்க் கண் என்று ஊருக்கே தெரியும். "தலைவரே, உங்களுக்குக் கட்சி முக்கியமா, பழைய பொண்டாட்டி முக்கியமா? இன்னும் நெஞ்சுக்குள்ள ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கோ?" என்றாள், நாலு பேர் சிரிக்கும்படி. "என் நெஞ்சுல ஒட்டியிருக்கிறதெல்லாம் கட்சி விருந்துக்கு நீ செஞ்சு கொண்டுவந்த பசை மாதிரி கேசரோல்தான் மார்லீஸ்" என்று பதில் கொடுத்தேன். ஆனாலும் மச்சான், அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சிரித்தவர்கள் முப்பது வருடத்து நண்பர்கள். என் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. தேவாலயக் கூடம் நிறைந்து வழிந்தது. வறுத்த மீன் வாசனை, முட்டைக்கோஸ் சாலட், பீர், நாற்காலி இழுக்கும் சத்தம். பிரெஸ்டன் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். நான் மைக்கைப் பிடித்தேன். அறிக்கையின் முதல் வரியை வாய்க்குள் படித்துப் பார்த்தேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "இந்த அம்மாகூட ஒரே வீட்டுல இருக்க முடியாது. நான் இருந்து பாத்தவன். அவளைப் பொறுக்கியெடுத்த ஜனாதிபதி இருக்காரே, அவர் தேறாத ஆளு. நவம்பர்ல நான் அவருக்கு எதிராத்தான் ஓட்டுப் போடுவேன், நீங்களும் போடுங்க. ஆனா ஒண்ணு. நாளைக்கு என் நிலம், என் வீடு, என் மானம் எல்லாம் ஒரு கோர்ட்டுல போய் நிக்கணும்னா, கொரின் ஹால்வர்சன் முன்னாடி நான் வக்கீல் இல்லாமயே போய் நிப்பேன். நிதானம் இல்லாதவள்னு இதுல எழுதியிருக்கு. பொய். அவளுக்கு நிதானம் கூடிப்போய்த்தான் நான் வீட்டை விட்டு வந்தேன்!" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஷெரிஃப் வழக்கையும் ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டேன்.

கூடத்தில் ஒருவரும் மெல்லவில்லை. பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார், அவர் மனைவி முறைத்ததும் அந்தக் கையாலேயே உப்புக் குப்பியைத் தேடினார். மார்லீஸ் மைக்கைப் பிடுங்கி, தலைவருக்கு உடம்பு சரியில்லை என்றாள். "உடம்பு நல்லாத்தான் இருக்கு, இடது முழங்கால் மட்டும்தான் எதிர்க்கட்சி!" என்று நான் கத்தியது மைக் இல்லாததால் யாருக்கும் கேட்கவில்லை. திங்கட்கிழமையே கூட்டம் போட்டு என்னைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். என் வீட்டுப் புல்தரையில் நானே நட்ட கட்சிப் பலகைகளை என் கட்சிக்காரர்களே பிடுங்கிக்கொண்டு போனார்கள். பெட்ரோல் பங்கில் காலையில் காபி குடிக்கும் கூட்டம் நான் உள்ளே நுழைந்தால் வானிலை பற்றிப் பேசுகிறது. இதைவிடக் கொடுமை உங்கள் கட்சிக்காரர்கள். மளிகைக் கடையில் முன்பின் தெரியாத பெண்மணிகள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிக்கிறார்கள், "உங்க மனசாட்சிக்கு நன்றி" என்கிறார்கள். ஒருத்தி பூசணி ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். மறுநாள் விடிந்து பார்த்தால் என் புல்தரையில் உங்கள் கட்சிப் பலகை! அதையும் பிடுங்கி எறிந்தேன். இப்போது நானே ஒரு அட்டையில் "இரண்டு கட்சிக்காரர்களும் புல்லை மிதிக்காதீர்கள்" என்று எழுதி நட்டு வைத்திருக்கிறேன். ரொட்டியைத் தின்றுவிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் மச்சான், நான் வருத்தப்படுவதாக நினைக்காதே. யார் வந்து கேட்டாலும், எத்தனை கேமரா வைத்தாலும், உன் அக்காவைப் பற்றிப் பொதுமேடையில் ஒரு கெட்ட வார்த்தை இந்த வாயிலிருந்து வராது. சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட வாபஸ் வாங்க மாட்டேன். பதவி போனால் போகட்டும், நான் என் கட்சியை விட்டுப் போகப் போவதுமில்லை. கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காருவேன். என்னைத் தூக்கி வெளியே போடட்டும் பார்க்கலாம்.

தங்கை மர்னாவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் ஏர்கண்டிஷனர் ஒருநாளும் நிற்காமல் இருக்கட்டும், உன் கோல்ஃப் பந்து தண்ணீரில் விழாமல் இருக்கட்டும், கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

என்றும் தலைவணங்காத உன் மச்சான்,
ஹார்லன் டெஷ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரம் கொரின் போன் செய்தாள். "ஹார்லன், நீ என்னைப் பாராட்டிப் பேசினியாமே?" என்றாள். "ஆமா, பேசினேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "உன்னை யாரு கேட்டா?" என்றாள். நான் பேசியது நாடு முழுக்க ஓடியிருக்கிறதாம். அவள் கட்சியின் இரண்டு செனட்டர்கள் அதைப் பார்த்துவிட்டு, எதிர்க்கட்சித் தலைவனே புகழ்கிறான், அவனுக்குத் தேர்தலையும் ஜெயித்துக் கொடுத்திருக்கிறாள், இவள் உள்ளுக்குள் அந்தக் கட்சிதான் என்று பின்வாங்குகிறார்களாம். அந்த இரண்டு ஓட்டு இல்லாவிட்டால் எல்லாம் போச்சாம். "நீ உடனே போய் என்னைத் திட்டிட்டு வா" என்றாள். "பொய் பேச மாட்டேன்" என்றேன். "பொய் யாரு கேட்டா? உண்மையைச் சொல்லித் திட்டு. நல்லாத் திட்டு, நம்பற மாதிரி" என்றாள். யோசிக்க வேண்டும் என்றேன். "நீ கேள்விக்குப் பதில் சொல்லலை" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். ஆகையால் மேலே சபதம் செய்திருக்கும் பகுதியை அடித்துவிட்டு வாசிக்கவும். பிரெஸ்டனைக் கூப்பிட்டாயிற்று, கேமராவோடு வருகிறான், மார்லீஸ் நாற்காலியைத் திருப்பித் தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆனால் உட்கார்ந்து யோசித்தால் கைவசம் இருக்கும் குறைகள் போதாது போலிருக்கிறது. சின்ன வயதில் அவள் உனக்குச் செய்த அநியாயம் ஏதாவது நினைவிருந்தால் தயங்காமல் போன் போட்டுச் சொல். அவளைப் பற்றி நல்லது எதுவும் சொல்லாதே, அது என்னிடமே தேவைக்கு மேல் இருக்கிறது.