டேபிள் பிடிக்க வச்ச நாவல்

ஞாயித்துக்கிழமை. எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். என் நாவலோட ப்ரூஃப மூணு மணிக்குள்ள பிரிண்டர் கையில கொடுக்கணும்.

இதுல என்ன தப்பு நடக்கப் போகுதுன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

நான் கதை எழுதற ஆளு. சொந்தமா எழுதி, சொந்தமா புக் போட்டு, சொந்தக்காரங்க தலையில கட்டற ரகம். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து, பால் இல்லாத கோப்பி-ஓ கலக்கி, சமையலறை மேசையில ரெண்டு மணி நேரம் எழுதுவேன். அப்புறம் ஆபீஸ். ரெண்டு வருஷம் இப்படி எழுதினதுதான் இந்த நாவல். செம்பவாங் கப்பல் பட்டறையில வேலை செய்யற ஒரு வெல்டரோட கதை. நானே எழுதி நானே அழுத கதை.

எனக்கு ஸ்க்ரீன்ல திருத்த வராது. பேப்பர்ல, சிவப்புப் பேனாவுலதான் வரும். மூணு வாரம் உக்காந்து திருத்தினேன். "எதுக்கும் போட்டோ எடுத்து வச்சுக்கோயேன்"னாரு வீட்டுக்காரர். "நாளைக்கு எடுக்கறேன்"னேன். மூணு வாரமும் நாளைக்குன்னேன்!

பிரிண்டர் ரோவல் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்கு மேல மாடியில இருக்காரு. தீபாவளி ரஷ். வாழ்த்து அட்டை, காலண்டர்னு ஞாயித்துக்கிழமையும் மெஷின் ஓடுது.

"மூணு மணிக்குக் கொண்டாந்தீங்கன்னா திருத்தத்தப் போட்டு மெஷின்ல ஏத்திடறேன் மேடம். லேட் ஆச்சுன்னா தீபாவளிக்கு அப்புறம்தான்"னு கறாரா சொல்லிட்டாரு.

நானோ தீபாவளிக்கு முந்தின வாரம் புத்தக வெளியீடுன்னு ஊருக்கெல்லாம் வாட்ஸாப்புல அனுப்பிட்டேன். மாமியார் அதுக்குன்னு புடவையே வாங்கிட்டாங்க. இதுவரைக்கும் என் எழுத்துக்கு அவங்க செஞ்ச ஒரே மரியாதை அது.

மணி ஒண்ணு. பிரிண்டர் இருக்கற தெருவுக்குப் பக்கத்துலயே, தேக்காவுல இறங்கிட்டேன். நல்ல பசி. ரெண்டு மணி நேரம் கையில இருக்கேன்னு ஒரு சாப்பாட்டு சென்டருக்குள்ள நுழைஞ்சேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அங்க இடம் கிடைக்கறது லாட்டரி அடிக்கற மாதிரி. எனக்கு அடிச்சது! தூண் பக்கத்துல ஒரு டேபிள் காலி. நம்ம ஊரு வழக்கம் தெரியும்ல, டேபிள்ல ஒரு டிஷ்யூ பாக்கெட்ட வச்சிட்டுப் போனா அந்த இடம் நம்மளோடது. யாரும் தொட மாட்டாங்க.

பையைத் துழாவினேன். டிஷ்யூ இல்ல. குடை இல்ல. தண்ணி பாட்டில் இல்ல. இருந்தது ப்ரூஃப் மட்டும்தான்.

வச்சேன்.

சும்மா வைக்கல. என் பேரு தெரியற மாதிரி திருப்பி வேற வச்சேன். போறவங்க வர்றவங்க பாத்துட்டுப் போகட்டுமேன்னு ஒரு அல்ப ஆசை.

பிரியாணி க்யூ நீளமா இருந்துச்சு. இருபது நிமிஷம் கழிச்சு மட்டன் பிரியாணித் தட்டோட திரும்பி வந்தேன். என் டேபிள்ல ஒரு சீன ஜோடி மீன் தலைக் கறிய ரசிச்சு ருசிச்சு சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. ப்ரூஃபக் காணோம்!

"எக்ஸ்கியூஸ் மீ, இங்க ஒரு புக் இருந்துச்சா?"

"நோ புக் லா. டேபிள் எம்ப்டி."

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தட்டத் தூக்கிக்கிட்டே க்ளீனர் ஆன்ட்டியத் தேடி ஓடினேன்.

"ஆன்ட்டி! தட் டேபிள், மை பேப்பர்!"

ஆன்ட்டி யோசிச்சாங்க. "ஓ, தட் ஒன் ஆ? ஐ த்ரோ அவே."

"த்ரோ அவே?"

"ஃபுல் ஆஃப் ரெட் ரெட் லைன். ஸ்பாயில் பேப்பர் மா. ஹூ வான்ட்?"

மூணு வாரம் பாத்துப் பாத்துப் போட்ட திருத்தம். ஒரே வரியில விமர்சனம் வந்துடுச்சு.

ஆன்ட்டி பின்பக்கமா கையக் காட்டினாங்க. அங்க வரிசையா குப்பைத் தொட்டி. மொதல் தொட்டியில எட்டிப் பாத்தேன். ஏதோ வெள்ளையா தெரிஞ்சுது. ஒரு கையில பிரியாணித் தட்டு, இன்னொரு கை முழங்கை வரைக்கும் தொட்டிக்குள்ள.

"ஏய்! நீயா?"

திரும்பினேன். சுசீலா. என் பழைய ஆபீஸ் தோழி. பார்த்து ஆறு வருஷம் இருக்கும்.

"எப்படி இருக்க? இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கியா?"

"ஆமா லா. எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

சுசீலா பிரியாணித் தட்டப் பாத்தா. குப்பைத் தொட்டியப் பாத்தா. திரும்பவும் தட்டப் பாத்தா. அவ கண்ணு கலங்கிடுச்சு.

"ஐயோ, அதைச் சாப்பிடாதடி. வா, நான் வாங்கித் தர்றேன்."

"இது நான் க்யூவுல நின்னு வாங்கினது சுசீ!"

"பரவால்ல, எங்கிட்ட என்ன வெக்கம்?"

அவளைச் சமாளிச்சு அனுப்பறதுக்குள்ள மணி ரெண்டே கால். இந்நேரம் எங்க பழைய ஆபீஸ் க்ரூப்புல எனக்கு உதவி நிதி ஆரம்பிச்சிருப்பாங்க.

வெள்ளையா தெரிஞ்சது வெறும் சாப்பாட்டுப் பேப்பர். தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் அட்டைப் பெட்டிகளப் பிரிச்சு அடுக்கி வச்சிருந்தாங்க. பக்கத்துப் படிக்கட்டுல ஒரு அட்டைய விரிச்சு ஒருத்தர் உக்காந்திருந்தாரு. நாப்பது, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். சலவைச் சட்டை, பாக்கெட்டுல ரெண்டு பேனா. மடியில என் ப்ரூஃப்!

"அண்ணே! அது..."

அவரு தலைய நிமித்தல. ஒரு விரல மட்டும் தூக்கினாரு. "ஒரு நிமிஷம் மேடம். இந்தப் பக்கத்த முடிச்சிடறேன்."

எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. பத்து வருஷமா எழுதறேன். என் புத்தகத்த எனக்கு முன்னாடி உக்காந்து ஒருத்தர் படிச்சு நான் பாத்ததே இல்ல. மூணு மணியாவது மண்ணாவது! பிரியாணித் தட்டோட பயபக்தியா நின்னேன்.

பக்கத்த முடிச்சாரு. பாக்கெட்லேர்ந்து நீலப் பேனாவ எடுத்து ஓரத்துல ஏதோ எழுதினாரு.

"நல்லா இருக்குங்களா அண்ணே?"ன்னு கேட்டேன். வெக்கத்த விட்டுக் கேட்டேன்.

"பேரு போட்டிருக்கு, ஆனா எழுதினவங்க யாருன்னு தெரியல மேடம். பாவம், எங்கள மாதிரி வேலையாளுங்க தங்கற டார்மிட்ரி பக்கமே வந்ததில்ல போல."

"அப்படியா?" குரல் எனக்கே கேக்கல. "எனக்குத் தெரிஞ்சவங்கதான்... எழுதினாங்க."

"அப்ப நீங்களே சொல்லிடுங்க மேடம்." பக்கத்தத் திருப்பினாரு. "இருபத்தி ரெண்டாம் பக்கம். கிராஞ்சி டார்மிட்ரியிலேர்ந்து இவன் காலையில ஏழு மணிக்கு ஏசி பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து அழுதுக்கிட்டே வேலைக்குப் போறான். ஏழு மணிக்கு நாங்க கப்பல் யார்டுல நிப்போம் மேடம். போறதும் லாரியில. அதுல அழுதா பக்கத்துல இருக்கறவன் மேலதான் விழும்."

"சரி."

"முப்பத்தி ஒண்ணு. ரூம்ல தனியா உக்காந்து யோசிக்கிறான். பன்னெண்டு பேரு ரூம் மேடம் அது! தனியா யோசிக்கணும்னா பாத்ரூமுக்குத்தான் போகணும். அங்கயும் வெளியில நாலு பேரு கதவத் தட்டுவான்."

"சரி."

"முப்பத்தி எட்டு. இதான் பெரிய தப்பு. வெல்டிங் அடிச்சுக்கிட்டே பொண்டாட்டி போட்டோவப் பாக்கறான். மாஸ்க் கண்ணாடி கருப்பு. போட்டா போட்டோ தெரியாது, கழட்டினா கண்ணு போயிடும். இந்த ஆளு அம்பதாம் பக்கம் வர்றதுக்குள்ள குருடாயிடுவான்!"

அந்தக் காட்சிக்குத்தான் நான் ரெண்டு நாள் அழுதேன்.

அவரு பேரு முருகேசன். செம்பவாங் பக்கம் ஒரு யார்டுல வெல்டிங் இன்ஸ்பெக்டர், பதினோரு வருஷமா. லீவு நாள்ல பேப்பர்னு எது கிடைச்சாலும் படிப்பாராம், தொட்டியோரம் கிடந்த இதையும் அப்படித்தான் எடுத்தாராம். ஓரத்துல எழுதினதப் பாத்தேன். குறை நம்பர் ஒண்ணு, குறை நம்பர் ரெண்டுன்னு பதினாலு வரைக்கும் வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் கீழ கையெழுத்து போட்டிருந்தாரு.

எனக்கு முகம் எரிஞ்சுது. ரெண்டு வருஷம் இந்த மனுஷங்களப் பத்தி எழுதியிருக்கேன். கிராஞ்சிக்கு ஒரு தடவகூடப் போனதில்ல. டபுள் டெக்கர் பஸ்ஸோட மேல்மாடியிலேர்ந்து லாரியப் பாத்ததுதான் என் ஆராய்ச்சி. அதையும் ஏசி பஸ்ஸா மாத்திட்டேன்!

ரெண்டு அம்பதுக்கு பிரிண்டர் போன் பண்ணினாரு. "மேடம், எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான் பாஸ். அஞ்சு நிமிஷம்."

நிஜமாவே அஞ்சு நிமிஷ நடைதான். ப்ரூஃப வாங்கிக்கிட்டு ஓடினா முடிஞ்சுது. வெளியீடு நடக்கும், மாமியார் புடவை கட்டுவாங்க. வர்றவங்கள்ல எவனும் வெல்டிங் மாஸ்க் போட்டவன் கிடையாது.

"அண்ணே, இதை இப்படியே அச்சுல போட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது மேடம், கதைதானே. ஆனா எங்க யார்டுல இப்படி வந்தா நான் சைன் போட மாட்டேன்." கொஞ்சம் தயங்கிட்டு இன்னொரு பக்கத்தத் திருப்பிக் காட்டினாரு. "ஆனா இது ஒண்ணு கரெக்டு. அம்மா போன்ல சாப்ட்டியான்னு கேக்கறாங்க. சாப்பிடாமலே, கோழிக் குழம்பும்மான்னு சொல்றான். அதுல கை வைக்க வேணாம்னு சொல்லிடுங்க. மீதியவும் அதே மாதிரி எழுதச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்துல குறை நம்பர் இல்ல. ஒரு டிக் மட்டும் இருந்துச்சு.

"அண்ணே, எழுதினது நான்தான்."

முருகேசன் சட்டுன்னு எழுந்து நின்னுட்டாரு. "ஐயையோ மேடம்! மன்னிச்சுக்குங்க மேடம், நான் ஏதோ வாய்க்கு வந்தத..."

"உக்காருங்க அண்ணே. இன்னும் எத்தன பக்கம் இருக்கு?"

"நூத்தி அறுபது மேடம்."

"படிங்க."

நானும் அட்டையில உக்காந்தேன். ஆறிப்போன பிரியாணிய நடுவுல வச்சேன். சாப்ட்டாச்சுன்னு சொல்லிக்கிட்டே அவரு மட்டன எடுத்தாரு. குறை நம்பர் இருபத்தி மூணுக்கு வந்தப்போ பிரிண்டர் மறுபடியும் போன்.

"மேடம், மணி மூணு பத்து! மெஷினு சும்மா நிக்குது. புக் வருதா, இல்லையா?"

"இல்ல பாஸ். இன்ஸ்பெக்‌ஷன்ல ஃபெயில் ஆயிடுச்சு."