ரேடியோவில் பூசிய கலாய்

எனக்கு எழுத வராது. நாலாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூடக் கேட்கக் கூச்சப்படுகிறவள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். மெட்ராஸே கேட்டது.

அக்கா முனியம்மாவும் நானும் கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் அடுத்தடுத்த வரிசைக் குடிசைகளில் இருந்தோம். அக்கா வரிசையை இடித்து, அங்கே இருந்தவர்களை ஊருக்கு வெளியே செம்மஞ்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள். என் வரிசை தப்பியது. அந்தக் கோபத்தில் அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். (வரிசையை நானா பிரித்தேன்?)

அப்போது மதியம் ஒரு எஃப்.எம்.மில் பழைய பாட்டுப் போட்டு, போன் பண்ணுகிறவர்களை வாழ்த்துச் சொல்லவிடுவார்கள். அதை நடத்தின அம்மாவின் குரல், காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கும். அக்காவும் தினம் அதைத்தான் கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

என் மகள் செல்விக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகையோடு போனேன். அக்கா கதவைத் திறக்கவில்லை. ரேடியோவில் கூப்பிட்டால் என்ன செய்வாள் என்று என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

பத்திரிகை வைக்க அலைந்த அந்த வாரம் முழுக்க நான் ரேடியோ போடவில்லை. அதற்குள் நிலையத்தை வேறு முதலாளி வாங்கி, பெயரை மாற்றி, பாட்டை மாற்றி, அந்த அம்மாவையும் அனுப்பிவிட்டார். போன் நம்பர் மட்டும் மாறவில்லை. செல்வி கடைக்குப் போன நேரம் பார்த்து அவள் செல்லை எடுத்தேன். போன் பண்ணுகிறவர்கள் ரேடியோவை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கீச்சென்று கத்தும் என்று அந்த அம்மா சொல்வார். அதனால் அன்றைக்கும் நான் போடவில்லை.

ஒரு பையன் எடுத்தார். "வணக்கம் ஆன்ட்டி, யாரைக் கலாய்க்கணும்?"

எனக்குத் தெரிந்த கலாய் ஒன்றுதான். பித்தளைப் பாத்திரத்துக்குள் ஈயம் பூசுகிற கலாய். பாத்திரக்கடைக்காரர் யாரோ நிகழ்ச்சிக்குப் பணம் போடுகிறார்போல, வாழ்த்தோடு கலாயும் பூசித் தருவார்கள் என்று நினைத்தேன்.

"எங்க அக்கா முனிம்மாவுக்கு நைனா. செம்மஞ்சேரில சோத்துக்கடை போட்டுக்கினு கீது."

"சூப்பர். கலாய்க்கிற மாரி அக்காகிட்ட இன்னா கீது?" (என்னைப் போலவே பேசிக் காட்டினார். நம்ம பக்கத்துப் பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன்.)

"எங்கம்மா குடுத்த பித்தள அண்டா கீது. அதுலதான் சாம்பார் சாதம் ஆக்குது. கலாய் போயி எத்தினி வருசமாச்சோ, உள்ள பச்ச பச்சையா களிம்பு பூத்துக்கினு கீது."

"ஐயையோ, அப்போ அங்க துன்றவங்க கதி?"

"அதான் நைனா, நல்லா கலாய்ச்சு வுடு. ஊரே பாக்கணும்."

குதிரை கனைக்கிற சத்தம் கேட்டது. யாரோ கைகொட்டிச் சிரித்தார்கள். கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். லைன் போய்விட்டது.

செல்வி ஓடி வந்தாள். "யம்மா, கடையில ரேடியோ ஓடிச்சு. பெரிம்மாவ ஏன் இப்டி அசிங்கப்படுத்துன?" கலாய்ப்பது என்றால் கேலி பண்ணுவது என்று அவள்தான் புது அர்த்தம் சொன்னாள்.

அடுத்த பஸ்ஸில் செம்மஞ்சேரி போனேன். கடையில் சாப்பிட ஓர் ஆள் இல்லை. அண்டாவில் சாதம் அப்படியே கிடந்தது.

"வந்துட்டியா," என்றாள் அக்கா. "ஊரே பாக்கணும்னியே, பாரு."

"தெரியாம பேசிட்டேங்க்கா."

"ஏய், இனிமே மத்தியானம் கலாய்க்கிற நேரம்னு ரேடியோவுல ஒரு மாசமா கூவிக்கினு இருந்தான். உனுக்குத் தெரியாதா?"

கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. போட்டோவில் பெரியம்மா நிற்க வேண்டிய இடத்தில் சமையல்காரர் நிற்கிறார்.

செல்விக்குக் குழந்தை பிறந்த பிறகு பேச்சு வந்தது. கடையும் மெல்லப் பழையபடி ஓடியது. இப்போது நான் போனால் அக்கா பேரன்கள், "கலாய் ஆயா வந்துச்சு, பாத்திரத்த ஒளிச்சு வையி" என்பார்கள். அக்காவும் சிரிப்பாள். சிரித்து முடித்து, "தெரிஞ்சுதானடி பண்ண?" என்பாள்.

அந்த நிலையம் அப்புறமும் கை மாறி, இப்போது காலையில் சாமி பாட்டு, ராத்திரி நிலம் விற்கிற விளம்பரம். அங்கே அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த அறிவிப்பு எத்தனை நாள் வந்தது என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். கடைசி ஒரு வாரம் மட்டும்தான் என்றால் அக்காவிடம் சொல்லிவிடுவேன். அக்கா சொல்கிறபடி ஒரு மாதம் என்றால், நானும் கேட்டு மறந்திருப்பேன். அதை எனக்கு மட்டும் சொல்லுங்கள்.