கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் நாற்பது எறும்புகள்

இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கும் ஓர் உயிராவது இருந்தே தீர வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவு செய்தேன். ஒன்று என்றால் அதுவும் ஒருநாள் எதிர்த்துப் பேசிவிடும். அதனால் நாற்பதாக ஆர்டர் கொடுத்தேன்.

எறும்புகள். தபாலில்.

சிரிக்காதீர்கள். எறும்பைத் தபாலில் விற்கிறார்கள். பஞ்சு அடைத்த பிளாஸ்டிக் குழாய்க்குள் நாற்பது வேலைக்கார எறும்புகள், கூடவே ஒரு பக்கக் குறிப்பு. ராணி கிடையாது. 'ராணியை அனுப்ப மாட்டோம்' என்று விளம்பரத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஆசையே வந்தது.

எனக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. மணிக்கொரு தடவை ஒவ்வோர் அறையின் வெப்பமானியையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மைனஸ் பதினெட்டு. மைனஸ் பதினெட்டு. மைனஸ் பதினெட்டு. என்றைக்காவது பத்தொன்பது என்று எழுத நேர்ந்தால் அன்று முழுக்க எனக்கு உற்சாகம். அசையாத சரக்கு, அசையாத முள், அசையாத நாற்காலி. பதினாறு வருஷம். நடுவில் கிடைத்த நேரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எரிமலை, தேனீ, நட்சத்திரம், எறும்பு. படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது: உலகத்தில் எல்லாம் அசைகிறது, என்னைத் தவிர. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்க்க, எனக்கே எனக்கென்று அசைகிற ஒன்று வேண்டும். என் பேராசை அவ்வளவுதான்.

குறுக்கே நின்றது என் மனைவி. வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் தொழில் செய்பவள். அவளுக்கும் எறும்புக்கும் இருபது வருஷப் பகை. சமையலறை வாசலில் சாக்பீஸ் கோடு. சர்க்கரை டப்பா, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில். ராஜாக்களின் கோட்டையைச் சுற்றி இருந்த அகழி, எங்கள் வீட்டில் சர்க்கரைக்கு இருக்கிறது. தப்பித்தவறி ஓர் எறும்பு மேடையில் தெரிந்தால் போதும், எந்த வழியாக வந்தது, பிஸ்கட்டைச் சிந்தியது யார் என்று விசாரணை தொடங்கிவிடும். குற்றவாளி எப்போதும் நான்தான். எறும்பு வெறும் சாட்சி.

பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்காரரிடம் போனேன். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுகிறவர். என் மனைவி அவருக்கு உடன்பிறவாத தங்கை.

"ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு விரல் இடம். உள்ள மணல். மேல மூடி. செய்ய முடியுமா?"

"முடியும் சார். எதுக்கு?"

"எறும்பு வளர்க்க."

கையிலிருந்த கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தார். "தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நல்ல தடிமனான கண்ணாடியா போடறேன்."

"ஏன், எறும்பு உடைச்சிடுமா?"

"எறும்பு உடைக்காது சார்."

தபாலும் அவர் விலாசத்துக்கே வரட்டும் என்றேன். "யார் கேட்டாலும் மூச்சு விடாதீங்க."

"என் கழுத்தை அறுத்தாலும் வராது சார்" என்றார், கண்ணாடி அறுக்கும் கருவியைக் காட்டி.

பெட்டி வந்தது. எங்கே ஒளிப்பது? கட்டிலடியில் அவள் தினம் பெருக்குவாள். அலமாரி அவள் ராஜ்ஜியம். ஹாலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தையல் மிஷினுக்கு நேர் மேலே எங்கள் கல்யாணப் போட்டோ, பெரிய மரச்சட்டத்தில். எறும்புக்கு இருட்டு பிடிக்கும். அந்தப் போட்டோவை அவள் நிமிர்ந்து பார்த்தே பல வருஷம். நானும்தான். பெட்டியைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல அப்படியே அடங்கியது! விதியே என் பக்கம் இருக்கிறது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, வேலை முடிந்து வரும்போதே கண்ணாடிக்காரர் வாசலில் நின்று குழாயைக் கையில் திணித்தார். மனைவி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குறிப்பைப் படித்தேன். 'பெட்டிக்கு மாற்றும் முன் குழாயை ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வையுங்கள். குளிரில் எறும்பு மந்தமாகும், ஓடாது, கடிக்காது. அதற்கு மேல் வைத்தால் ஆபத்து.'

குளிரைப் பற்றி எனக்கே பாடமா! பால் பாக்கெட்டுக்குப் பின்னால் குழாயைச் சொருகினேன். குறிப்பை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். பத்து நிமிஷம்தானே என்று கட்டிலில் சாய்ந்தேன்.

இரவு வேலைக்காரன் பகலில் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டென்றால் அது சாய்வது.

"ஏங்க! எழுந்திருங்க. மணி ஒண்ணாகப் போகுது. நூல் வாங்கக் கடைக்குப் போறேன். வர அரை மணி ஆகும். முழுசா அரை மணி!"

கதவு சாத்தியதும் பாய்ந்தேன். ஐந்து மணி நேரம்! நாற்பது பிணங்களுக்குத் தயாராகி ஃப்ரிட்ஜைத் திறந்தேன். குழாய் வைத்த இடத்தில் வைத்தபடி. உள்ளே நாற்பதும் அப்போதுதான் தூங்கப் போகிறவை போல மெதுவாக மீசையை ஆட்டின. என்ன உடம்பு, என்ன உறுதி! குளிரில் பதினாறு வருஷம் தாக்குப்பிடித்த எனக்கு ஏற்ற ஜோடிகள். கண் கலங்கிவிட்டது. அரை மணிக்குள் பெட்டிக்கு மாற்றி, போட்டோவுக்குப் பின்னால் மாட்டி, குறிப்பைக் கிழித்துப் போட்டு, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

வந்தவள் நேராக மேலே பார்த்தாள். "என்னங்க, போட்டோ முன்னால தள்ளிட்டு நிக்குது?"

"வயசாச்சுல்ல. எனக்குத் தொந்தி வந்த மாதிரி அதுக்கும் வந்திருக்கும்."

"ஒரே தூசி வேற. எறக்கித் தொடைச்சிடறேன்." ஸ்டூலை இழுத்து ஒரு காலையும் வைத்துவிட்டாள்.

"நீ எதுக்கும்மா? நான் தொடைக்கிறேன்!"

"உங்களுக்குத் தூக்கம் வருமே?"

"யாருக்கு? எனக்கா?"

"போட்டோ மட்டும் பளிச்சுனு இருந்தா ஃபேன் அசிங்கமாத் தெரியுமே."

ஃபேனையும் துடைத்தேன்.

அன்று தொடங்கியது. மறுநாள், "போட்டோ லேசா கோணலா இருக்கோ?" என்றாள். ஜன்னல் கம்பி முழுவதும் தேய்த்தேன். "அந்த ஆணி தாங்குமான்னு பாக்கணும்" என்றாள். எட்டு மாதமாகச் சொட்டிய சமையலறைக் குழாயைச் சரிசெய்தேன். "புது சட்டம் போடலாமா?" என்றாள். தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி சுரண்டினேன். அவள் ஸ்டூல் பக்கம் திரும்பினாலே என் கை தானாகத் துடைப்பத்தைத் தேட ஆரம்பித்தது.

ஆனால் சந்தோஷமாக இருந்தேன். தைத்த துணிகளைக் கொடுக்க அவள் வெளியே போகும் கால் மணி நேரம் எனக்குப் போதும். போட்டோவைச் சற்றே தூக்கி டார்ச் அடித்துப் பார்ப்பேன். மணலுக்குள் தெருக்கள்! வளைந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து. ஒன்று தன்னைவிடப் பெரிய மணலைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும். எதிரே வருவது ஒதுங்கி வழிவிடும். நாலு தானியம் போட்டு, கண் மருந்துக் குப்பியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். ஒருநாள் பாசம் மிகுதியாகி அரைக் குப்பி கொட்டிவிட்டேன், கீழ்த்தெருவில் வெள்ளம். மறுநாள் பார்த்தால் சொட்டு ஈரமில்லை. என்ன நிர்வாகம்! முதல் வாரம் கட்டளைகூட இட்டுப் பார்த்தேன். "இடது பக்கம் தோண்டுங்கடா." வலது பக்கம் தோண்டின. இந்த வீட்டுத் தண்ணீர் அப்படி.

இன்னொன்றும் நடந்தது. நான் ஜன்னல் துடைக்க, அவள் மிஷின் மிதிக்க, இருவரும் பேச ஆரம்பித்திருந்தோம். இத்தனை வருஷமாக அவள் விழித்திருக்கையில் நான் தூங்குவேன். அவள் தூங்குகையில் நான் மைனஸ் பதினெட்டு எழுதுவேன். அவளுக்குச் சிரிக்கும்போது ஒரு கன்னத்தில் குழி விழும் என்பதே மறந்துபோயிருந்தது.

நாலாவது வாரம் அக்கா வீட்டுக்கு இரண்டு நாள் கிளம்பினாள். செருப்பு போடும்போது சொன்னாள்: "போட்டோவ நான் வந்து பாத்துக்கறேன். நீங்க தொடாதீங்க."

"தொடவே மாட்டேன்" என்றேன்.

அவள் தெருமுனை திரும்பும் முன் போட்டோவை இறக்கிவிட்டேன். இனி இரண்டு நாள் முழுப் பெட்டியையும் நாற்காலி போட்டுப் பார்க்கலாம். போட்டோவைச் சுவரோரம் திருப்பிச் சாத்தினேன். அதன் முதுகில் குண்டூசியால் குத்திய ஒரு காகிதம். அளவு நோட்டிலிருந்து கிழித்தது. ஒரு பக்கம் 'கழுத்து பதினாலு, கை பத்து.' மறுபக்கம் அவள் கையெழுத்து:

'தண்ணீர் மூன்று சொட்டு போதும். அன்றைக்கு நீங்கள் விட்ட வெள்ளத்தைப் பஞ்சு வைத்து ஒற்றி எடுப்பதற்குள் எனக்கு இடுப்பு போய்விட்டது. இன்றைக்குத் தானியம் வைத்தாயிற்று, நீங்கள் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் பத்தாவது நிமிஷம் வெளியே எடுத்ததும் நான்தான். மத்தியானம் மறுபடி பத்து நிமிஷம் உள்ளே வைத்துவிட்டுத்தான் உங்களை எழுப்பினேன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறீர்கள். பால் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இப்போது பின்னால் ஒன்றும் இல்லை, பயப்படாமல் எடுக்கலாம்.'

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு ஓடினேன்.

"சொல்லிட்டீங்களா?"

"பாதிய மறைச்சேன் சார். மீதிய அதுவே கண்டுபிடிச்சிடுச்சு."

"எப்ப?"

"நீங்க கேட்டுட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே. பெட்டியோட அளவே தங்கச்சி குடுத்ததுதான். 'கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால அடங்கற மாதிரி வெட்டுங்கண்ணா, அங்கதான் கொண்டு வந்து வைப்பாரு'ன்னு சொல்லிச்சு."

இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க மனம் தெளிந்தது. ரகசியம் போனால் என்ன? பயமும் கூடவே போய்விட்டதே! இனி எதைச் சொல்லி மிரட்டுவாள்? அவள் வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்தபடி அறிவித்தேன்:

"போட்டோவ இனிமே நீயே எறக்கித் தொடைச்சுக்க. எனக்கு ஒண்ணும் பயமில்ல."

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக அவள் 'சரிங்க' சொன்னது கல்யாணத்தன்று. நீட்டிய காலை மடக்கிக்கொண்டேன்.

"கோபமில்லையா? எறும்புன்னா உனக்கு ஆகாதே?"

"அது சர்க்கரைக்கு வர்ற எறும்பு. இது நம்ம வீட்டுது." நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. "நீங்க தூங்கறப்ப எறக்கி வெச்சுப் பாத்துட்டேதான் தைப்பேன். பொழுது போறதே தெரியல. என்ன, ராணி இல்லாததால இதுங்க கொஞ்ச மாசந்தானாம். அதான் இன்னொரு நாப்பதுக்கு எழுதிட்டேன். என் பேருக்கு."

"உன் பேருக்கா! எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமை. மிஷின் பக்கத்துலயே வெளிச்சமா வெச்சுக்கலாம்னு இருக்கேன். நீங்களும் உக்காந்து பாக்கலாம்."

"வெச்சுடலாம்! இன்னைக்கே வெச்சுடலாம்!"

"அதுக்கு ஒரு மேஜை வேணும்."

"நம்மகிட்டதான் இருக்கே, அந்தப் பழைய மேஜை?"

"இருக்கு. பரண்ல. எல்லாச் சாமானுக்கும் பின்னால."

இருபது வருஷச் சாமான். ஸ்டூலை அவளே நகர்த்திப் போட்டாள். நான் ஏறினேன். இந்தக் கடைசி வரிகளைப் பரணிலிருந்துதான் எழுதுகிறேன். போட்டோவைத் துடைக்க வேண்டும் என்று ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.