கம்ப்யூட்டர் குறித்துக் கொடுத்த நல்ல நாள்

நாம் தப்பாகச் சொன்னால் நாலு பேர் திருத்துவார்கள். அதையே கம்ப்யூட்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டால் நாலு பேரும் தலையாட்டுவார்கள். எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் எனக்குத் தலையாட்ட ஓர் அலுவலகமே இருந்தது.

பொன்முடி மலையில் எப்போது மழை பெய்யும் என்று கணிப்பது என் வேலை. பல வருடத்து மழையளவுகளை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்தால், கம்ப்யூட்டர் பழையதைப் பார்த்து வரப்போவதைச் சொல்லும். (சொல்லும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.) வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் மலையாளி டைரக்டர், ஐப்பசியில் அந்த மலையிலிருந்து இறங்கி வரும் கல்லாற்றுக்குப் பிக்னிக் போக ஒரு நாள் பார்த்துத் தரச் சொன்னார். பலித்தால் மறுநாளே என் நிரந்தர உத்தரவில் கையெழுத்தாம்.

கம்ப்யூட்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காட்டி, மலையில் பொட்டு மழை இல்லை என்றது.

"ஒறப்பாணோ?" என்று உறுதி கேட்டார் டைரக்டர்.

"நூறு சதவீதம் சார்." (தொண்ணூறு என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.)

கல்லாற்றில் நல்ல வெயில். டைரக்டர் ஆற்றின் நடுவே ஒரு பாறையில் சாப்பாட்டு கேரியரோடு உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கையசைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகிப் புதிதாக வந்திருந்த என் மனைவி விசாலம் மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, தண்ணி கலங்கி வருது. மேல மழ பெய்யுது போலுக்கு."

"மேல இன்னிக்கு சைபர்" என்றேன்.

சொல்லி வாயை மூடவில்லை, ஒரு வாழைமரம் வேரோடு மிதந்து வந்தது. அதன் பின்னால் ஆறே எழுந்து வந்தது. விசாலம்தான் "சார், ஓடி வாங்க!" என்று அலறினாள். இடுப்பளவுத் தண்ணீரில் தடுமாறி வந்தவரின் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். நான் விசாலத்தைப் பிடித்துக்கொண்டேன். (அவளுக்குப் பலமாக இருக்கட்டும் என்று.) கேரியர், செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம் போயின. இன்னும் ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் டைரக்டரும் போயிருப்பார்.

மறுநாள் டைரக்டர் புதுக்கண்ணாடியோடு அட்டைகளைப் புரட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதிக்கு, வருடா வருடம், மழையளவு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. காலியிடத்தை சைபர் என்று படிப்பது அந்தக் கம்ப்யூட்டரின் பழக்கம்.

"இது எந்தாடோ, ஒந்நும் இல்லா?"

"அது சார், மழை ரொம்பப் பலமா இருந்தா அளக்கிறவர் மலை ஏற முடியாது. அன்னிக்கு எழுதாம விட்டுடு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. வருடத்திலேயே அதிகமாக மழை கொட்டும் நாளைத் தேடிப் பிடித்து, அவரை ஆற்றுக்கு நடுவில் உட்கார வைத்திருக்கிறேன்! டைரக்டர் கையெழுத்துக்கு வைத்திருந்த என் உத்தரவை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். நான் நிரந்தரமாக மேலும் ஒரு வருடம் ஆனது.

இன்றும் திருவனந்தபுரத்து ஆரியசாலை வீட்டில் விசாலம் கோபத்தில் பேசாமல் இருந்தால், நான் நிம்மதியாகப் பேப்பர் படிப்பேன். உடனே பாதி மலையாளம் கலந்து பேசும் என் மகள் எட்டிப் பார்ப்பாள்.

"அப்பா, அம்மா ஒண்ணும் பேசல்ல, கேட்டோ. சைபர்னு எடுத்துக்காதீங்க. வேகம் கரையேறிக்கோங்க!"