பொம்மை பாய் கடையில் அடிக்கக்கூடாத ஆள்

வீடியோ கேம் கடை வைத்து, வந்த கஸ்டமரை ஜெயிக்க விடாமல் விரட்டிய முதலாளி உலகத்திலேயே ஒருத்தர்தான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டிருந்த எங்கள் பொம்மை பாய்.

லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய ஜப்பான் விளையாட்டுகளை நாலு டிவியில் மாட்டியிருந்தார். அதில் ஒன்றில் கடைசியாக ஒரு மண்பொம்மை பறந்து வந்து கல்லெறியும். பூரி மாதிரி உப்பிய கண், கண் நடுவே ஒரு கீறல், குட்டைக் கை, பானை இடுப்பு. அதை உடைத்தால்தான் ஜெயிக்கலாம்.

உடைக்கப் போனால் பாய் டிவியை அணைத்துவிடுவார்.

"பந்தியில உக்கார வச்சு எலைய உருவுறீங்களே பாய்!" என்று கத்துவான் காலேஜ் பையன்.

"எந்திரி தம்பி. அவன் மேல மட்டும் கை வைக்காத."

அது ஜப்பானில் ஆதிகாலத்து மனுசர்கள் செய்து, இப்போது மண்ணுக்கடியில் கிடைக்கிற பொம்மை என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பாய் எல்லா விளையாட்டிலும் அதைத் தேடினார். கார் பந்தயத்தில் ரோட்டோரம் நிற்கும். சண்டையில் சுவரோரம் நிற்கும். "பார்றா, இங்கயும் நிக்கிறான்!" என்று அவர் போடும் கூச்சலில், ஓட்டுகிறவன் கார் பள்ளத்தில் விழும்.

"அப்படி என்ன பாய் அது மேல பாசம்?" என்று கேட்டேன்.

"துபாய்ல எந்தக் கடைக்குப் போனாலும் எங்கூர் ஆளு ஒருத்தன் நிப்பானாம் சார். இவனும் அப்படித்தான். சொந்த மண்ணுலேருந்து தோண்டியெடுத்து எங்கெங்கயோ நிறுத்திட்டாங்க. போறவன் வர்றவன்லாம் அடிக்கிறான்."

எதிரே இன்னொரு கடை வந்தது. அங்கே எதையும் உடைக்கலாம். பாய் கடை காற்று வாங்கியது. அண்ணன் விசா அனுப்பிவிட்டார்.

"கடை ஓடுனா நான் ஏன் சார் போறேன்?" என்றார் பாய். அவருக்குப் போக மனசே இல்லை.

"அப்ப பொம்மைய உடைக்க விடுங்க. கூட்டம் தானா வரும்."

ரெண்டு நாள் யோசித்தார். பிறகு போர்டு எழுதி மாட்டினார்: 'எல்லாரையும் அடிக்கலாம். பொம்மையைத் தவிர.' வந்தவர்கள் படித்துச் சிரித்துவிட்டு எதிர்க்கடைக்கே போனார்கள்.

துபாய்க்குக் கிளம்புகிற அன்று, மிச்சமிருந்த ஒரு டிவியில் பாயே உட்கார்ந்து விளையாடினார். பொம்மை வந்தது. கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டார். அது எறிந்த கல்லில் அவர் ஆள் சுருண்டு விழுந்தான்.

"போயிட்டு வரேன்டா" என்றார் அதனிடம். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்.

போன மாசம் அரியலூரில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே பூரிக் கண். "அடிங்க மாமா!" என்று குதித்தான் அக்கா மகன். எனக்குக் கை வரவில்லை.

பாய் இப்போது எந்தக் கடையில் நிற்கிறாரோ. போகிறவர் வருகிறவர் அவரைக் கொஞ்சம் பார்த்து நடத்த வேண்டும்.