சோறு தின்னாத எடைமேடை

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து, காவிரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, மதியம் ஒரு மணியானால் சோற்றைப் பங்காளியைப் பார்ப்பதுபோல் முறைத்த ஒரே மனிதர் எங்கள் எடைமேடைதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். இதில் கொடுமை என்னவென்றால், அவர் வேலை பார்த்தது அரிசி ஆலையில்.

ஆலை திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இருந்தது. நான் அங்கே கணக்குப் பிரிவில் இருந்தேன். இப்போது இல்லை, அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். நெல் லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கேபின். அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், அவர். பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் பூதலூரிலிருந்து போன் செய்யும் அவர் மனைவியே, “எடைமேடை இருக்காருங்களா?” என்றுதான் கேட்பார்.

மஸ்கட்டில் ஒரு கல்குவாரியில் பல வருஷம் இதே வேலையைப் பார்த்துவிட்டு வந்தவர். திரும்பி வரும்போது தங்கம் கொண்டு வரவில்லை. சர்க்கரை வியாதியும், அதை அடக்கி ஆளும் வித்தையும், ஒரு பெட்டி சூரை மீன் டப்பாவும் கொண்டு வந்தார். டப்பா தீரத் தீர அங்கேயே இருந்த மச்சான் ஆள் மூலம் அனுப்பிக்கொண்டிருந்தான்.

தினமும் காலையில் லாரி மேடையில் ஏறி நின்று தன்னையே எடை போட்டுக்கொள்வார். அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். ஒரு நாள் எழுபது என்னும், மறுநாள் எண்பது என்னும். எழுபது வந்தால் எல்லாருக்கும் டீ. எண்பது வந்தால் அன்று எந்த டிரைவரும் அவரிடம் வாய் கொடுக்க மாட்டான்.

மதியம்தான் லாரிகள் வரிசை கட்டும். கேபினைப் பூட்டிவிட்டுச் சாவகாசமாகச் சாப்பிட முடியாது. இரண்டு லாரிகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் அவருடைய சாப்பாட்டு நேரம். முதல் லாரி இறங்கும்போது டப்பாவைத் திறந்து தண்ணீரை வடிப்பார். மீனை ஒரு கிண்ணத்தில் உதிர்த்துப் போட்டு, தண்ணீர் இல்லாத கெட்டித் தயிர், பொடிசாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை, மிளகுத்தூள் சேர்த்து எலுமிச்சம்பழத்தைப் பிழிவார். அவித்த முட்டையில் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் நறுக்கிப் போடுவார். வீட்டுச் சப்பாத்தியில் அதைப் பரப்பி, ஓரத்தை மடித்து, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, வெள்ளித்தாளில் இறுக்குவார். அடுத்த லாரி மேடையில் ஏறுவதற்குள் ஆள் தயார். ஒரு கை சாப்பிடும், ஒரு கை எடைச்சீட்டு அடிக்கும்.

“பாத்தியா தம்பி? இந்தக் கையில நாப்பது டன்னு. இந்தக் கையில முப்பது கிராம் புரோட்டீன். எது கனம் சொல்லு?”

அவர் அதை ‘ராப்’ என்பார். டிரைவர்கள் ‘மீன் சுருட்டு’ என்றார்கள்.

அடுத்தவர் சாப்பாட்டுக்குள் தலையை விடுவது அவருக்குப் பிறவிக் குணம். என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டில் விசாரிக்கிற குரலில் கேட்பார்: “தயிர் சாதம். தொட்டுக்க உருளைக்கிழங்கு. மாவுக்கு மாவு தொணையா? புரோட்டீன் எங்க?”

எலி பிடிப்பதற்காக ஆலையில் வளர்த்த பூனைகள் அத்தனையும் வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கேபின் வாசலில் குடியேறின. நெல் குடோனில் எலிகள் சந்தோஷமாகப் பெருகின. முதலாளி பூனைகளைத் திட்டினார். எடைமேடை விட்டுக்கொடுக்கவில்லை. “அதுங்களுக்கு இருக்கிற புத்தி உங்க ஸ்டாஃபுக்கு இல்லீங்களே!”

ஒரு தடவை கேரளாவிலிருந்து பெரிய வியாபாரி ஒருவர் வந்தார். “எங்க ஸ்டாஃப் எல்லாரும் எங்க அரிசிதாங்க சாப்பிடுறாங்க” என்று முதலாளி பெருமையாகச் சொல்லிக்கொண்டே அவரை அழைத்து வந்தார். அந்த மனிதர் நேராகக் கேபினுக்குள் தலையை நீட்டி, அரிசி எப்படி என்று கேட்டுவிட்டார்.

“எனக்குத் தெரியாதுங்க. நான் சாப்பிடுறதில்ல” என்றார் எடைமேடை. அதோடு நிறுத்தியிருக்கலாம். “நீங்களும் கொறைச்சுக்கிட்டா நல்லதுங்க. வயித்தப் பாத்தாலே தெரியுது.”

அன்றைக்கே உத்தரவு வந்தது. ஆலைக்குள் மீன் டப்பா வரக்கூடாது. அதற்குப் பிறகு அவர் கேட்டுக்கு வெளியே வாய்க்கால் மதகில் உட்கார்ந்து சுருட்டினார். லாரி ஹாரன் அடித்தால் வாயில் பாதியோடு ஓடி வருவார். பூனைகளும் பின்னாலேயே ஓடி வரும்.

அந்த வருஷம் முதலாளியின் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். சர்க்கரைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு மதகுக்கே நடந்து போனார். சீட்டு வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன். முதலாளி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார்.

“யோவ், அந்தச் சப்பாத்தி… அத எப்படிய்யா சுத்துற?”

எடைமேடை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. கையிலிருந்ததில் கடிக்காத பாதியைப் பிய்த்து நீட்டினார். முதலாளி நின்றபடியே தின்றார்.

மறுநாள் டப்பாவுக்குத் தடை நீங்கியது. மதியம் கேபின் ஷட்டர் பாதி இறங்கும். உள்ளே இரண்டு ராப். வெளியே லாரிகள் காத்துக் கிடக்கும். “அரிசி மில்லுக்காரன் சோறு திங்கிறதில்லன்னு வெளிய தெரிஞ்சா என் யாவாரம் என்னாகும்? வாயத் தொறக்காத” என்பது முதலாளி போட்ட நிபந்தனை. வாயைத் திறக்காமல் இருப்பது எடைமேடைக்குப் பட்டினியைவிடக் கஷ்டம். இருந்தும் இருந்தார். நடக்கும்போது தடி தேவைப்படாத அளவுக்கு முதலாளி தேறினார். டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். அதைச் சொல்லும்போது எடைமேடையின் முகத்தைப் பார்க்க வேண்டும். தானே பெற்று வளர்த்த பிள்ளை கலெக்டர் ஆனதுபோல் இருக்கும்.

பிறகுதான் அந்த பிளக்ஸ் வந்தது. திருக்காட்டுப்பள்ளி முழுக்க முதலாளி சிரித்துக்கொண்டு நின்றார். கையில் சோற்றுத் தட்டு. ‘மூன்று வேளையும் நான் சாப்பிடும் அரிசி. என் சுகர் என் கைக்குள்!’ சர்க்கரை நோயாளிகளுக்கென்றே தனி அரிசியாம். கணக்கு என்னிடம் இருந்ததால் சொல்கிறேன். உள்ளே போனது அதே அரிசி. பையும் விலையும் மட்டும் வேறு.

எடைமேடை ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அவரை உடைத்தது முருகையன். நெல் லோடு அடிக்கும் டிரைவர். சர்க்கரையால் பாதத்தில் ஆறாத புண். சோற்றைக் குறைக்கச் சொல்லி எடைமேடை அவனிடம் தொண்டை வற்றப் பேசி, “அடுத்த மாசத்துலேருந்து பாக்குறேண்ணே” என்கிற வரைக்கும் கொண்டுவந்திருந்தார். அந்த முருகையன் ஒரு நாள் புதுப் பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

“அண்ணே, இனிமே எனக்குக் கவலையே இல்லண்ணே. முதலாளியே மூணு வேளையும் இதத்தான் சாப்பிடுறாராம். வயிறு நெறைய சாப்பிடலாம்.”

எடைமேடை எழுந்து நேராக முதலாளி அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“முதலாளி, உங்க சுகர் எறங்குனது அரிசியாலயாங்க?”

“யாவாரம்யா. ஒனக்கு ஏன்?”

“முருகையன் கால்ல புண்ணுங்க. அத நம்பி மூட்ட வாங்கிட்டுப் போறான்.”

“நான் என்ன அவன் வாயிலயா ஊட்டுறேன்? போய் எடையப் போடு.”

போய் எடை போட்டார். ஆனால் ஒவ்வொரு சீட்டோடும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக் கொடுத்தார்: “முதலாளி சாப்பிடுறது சோறு இல்ல. என் கையால சுத்துன மீனு.” முருகையன் சிரித்தான். பிளக்ஸில் போட்டிருப்பதை விட்டுவிட்டு எடைமேடை சொல்வதை யார் நம்புவார்கள்? டிரைவர்கள் யாரும் நம்பவில்லை. நம்பியது அரிசி ஏற்ற வந்த கடைக்காரர்கள் மட்டும்தான். அவர்களுடைய போன் முதலாளிக்குப் போயிற்று.

ஒரு காலையில் எடைமேடையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சொன்ன காரணம்: மீன் வாடை மூட்டையில் ஏறுகிறது. நான் உள்ளே போய், “அவரு இல்லன்னா உங்க கால் என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க சார்” என்றேன். “நீ கணக்கப் பாரு” என்றார் முதலாளி. என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எடைமேடை சத்தம் போடவில்லை. மத்தியானம் வரைக்கும் இருந்து எடை போட்டார். வழக்கம்போல இரண்டு ராப் சுருட்டினார். ஒன்றை என்னிடம் கொடுத்து, “உள்ள குடுத்துரு தம்பி. மாத்திரை போட்டிருப்பாரு, வெறும் வயித்தோட இருக்கக் கூடாது” என்றார். கொண்டு போய் வைத்தேன். முதலாளி எழுந்து கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு நான் திரும்பப் போனபோது மேஜையில் வெள்ளித்தாள் மட்டும் கசங்கிக் கிடந்தது.

அந்த அரிசி நன்றாக விற்கிறது. முதலாளி இன்றைக்கும் திடமாக நடக்கிறார். ராப் சுற்ற வீட்டில் ஆள் வைத்திருக்கிறார். முருகையன் இப்போது லாரி ஓட்டுவதில்லை. அதற்கு இரண்டு கால் வேண்டும்.

வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் எடைமேடையைத் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இளைத்திருந்தார். எந்த ஆலையிலும் அவரைச் சேர்க்கவில்லை. வாயைப் பற்றிய செய்தி அவருக்கு முன்னாலேயே போய்விடுகிறது. கொஞ்ச நிலத்தில் நெல் போட்டிருந்தார். முதலில் கேட்டது இதுதான்:

“முதலாளிக்கு சுகர் எப்படி இருக்கு?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்களுக்குக் கோவமே வராதாண்ணே?”

“வராம என்ன? முருகையன நெனச்சா சோறே… சரி, ராப்பே எறங்க மாட்டேங்குது.” தன் ஜோக்குக்குத் தானே சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். “ஆனா தம்பி, இத்தன வருஷத்துல நான் சொன்னதக் கேட்டது அந்த ஆளு ஒருத்தருதான்.”

என் பஸ் கிளம்பிவிட்டது. ஓடிப்போய் ஏறினேன். அவர் பஸ்ஸோடு கூடவே நடந்து வந்து, ஜன்னலுக்குக் கீழிருந்து, நான் சுகர் பார்த்தேனா, ஏன் பார்க்கவில்லை, எனக்கெல்லாம் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்கத் திட்டிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த பஸ் டிரைவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று எடுத்திருக்கலாம்.